உறவினர் வீடு

தெமட்டகொடை, கொழும்பு
03.02.2025

நிஸ்றாவுக்கு,

ஸலாம். இனிப் போனில் கதைக்க வேண்டாம், சொல்ல இருப்பதை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். ஒருவகையில் எனக்கும் இது நல்லதுதான். நாலு கட்டில் போட்ட போடிங் அறையில், மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது பெண்சாதியோடு எதைக் கதைப்பது? அன்றைக்கு நீ, "என்னத்துக்கு முணுமுணுக்கிறீங்க, உரத்துக் கதைங்களன்" என்றாய். உரத்துக் கதைத்தேன். அது சண்டையாகப் போய்விட்டது.

இந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அளந்துதான் சொல்கிறேன். கட்டுமானக் கொம்பனியில் வேலை பார்க்கிறவனின் சட்டைப்பையில் டேப் இருந்தால் அது சும்மா இருக்காது. நூற்றிருபது சதுர அடியில் நாலு பேர், ஆளுக்கு முப்பது. இப்படி ஒரு வருடமும் இரண்டு மாதமும் போய்விட்டது.

வீடு பார்க்கத் தொடங்கிவிட்டேன். வத்தளையில் ஒன்று, எண்ணூறு சதுர அடி, ஐம்பத்தையாயிரம். இடம் தாராளம். ஆனால் வேலைக்குப் போய்வர மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் கழியும். கொலன்னாவையில் வீட்டோடு ஒட்டிக் கட்டின ஒரு அனெக்ஸ், நாற்பதாயிரம். கூரை சீட், பகலில் உள்ளே நின்றால் ரொட்டி சுடலாம். வெள்ளவத்தையில் அறுநூறு சதுர அடிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்டார்கள். "ஏன் இவ்வளவு?" என்று கேட்டேன். "கடல் ரெண்டு நிமிசம், சேர்" என்றான் புரோக்கர். கணக்குப் பார்த்தால் வத்தளையை விட அறுபத்தையாயிரம் கூட, எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கு. கடைசியாகத் தெஹிவளை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு அறை, அறுநூற்றிருபது சதுர அடி. பள்ளிவாசல் ஐந்து நிமிடம், வேலைக்கு அரை மணித்தியாலம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம், தனி ஆளுக்குத் தரமாட்டார்கள். பெருநாள் முடிந்த கையோடு நீயும் ஹிபாவும் வந்துவிடலாம்.

முற்பணத்துக்குக் கொம்பனியில் கடன் கேட்கிறேன். படிவம் இதற்குள் இருக்கிறது. பெண்சாதியின் கையெழுத்தும் வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் போட்டு அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும், நிஸ்றா. முந்தியெல்லாம் ஹிபா, "வாப்பா எப்ப வருவீங்க?" என்று கேட்பாள். போன முறை நான் வந்து இறங்கிய அன்றைக்கே, "வாப்பா எப்ப போவீங்க?" என்றாள். நாலு வயதுப் பிள்ளை அதைக் குறையாகவும் கேட்கவில்லை, சும்மா கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

இஷாம்

---

ஏறாவூர்
10.02.2025

இஷாம் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. படிவமும் கிடைத்தது. கையெழுத்துப் போடத்தான் பேனையை எடுத்தேன். போடுவதற்கு முதல் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை வாசித்தேன். வாசிக்காமல் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் நம்முடைய வீட்டு இலக்கம், ஒழுங்கை எல்லாம் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே நாலு பெட்டி. சொந்தம், வாடகை, உறவினர் வீடு, வேறு. நீங்கள் மூன்றாவது பெட்டிக்குள் அழகாகச் சரி போட்டிருக்கிறீர்கள்.

ஏழு வருடம். இந்த வீட்டில் தூங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், பிள்ளை பெற்றோம். நீங்கள் உறவினர் வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. உம்மா என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்த நேரம் நான் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றேன். "என்ன புள்ள, கடிதாசியப் பாத்து முழிக்கிறாய்?" என்றா. படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். சொன்னால் நானா மஜீட்டின் காதுக்குப் போகும். சவூதி வெயிலில் நின்று இந்த வீட்டைத் தன் தங்கச்சி எனக்கென்று கட்டித் தந்தவர் அவர். அவர் எந்தப் பெட்டியில் சரி போடுவார்?

நீங்கள் அளந்தால் நானும் அளப்பேன். என்னிடம் தையல் டேப் இருக்கிறது. மண்டபம் பதினாறுக்குப் பதினாலு. அறை மூன்று. குசினி உங்கள் நாலு பேர் படுக்கிற அறையை விடப் பெரிது. எல்லாம் கூட்டினால் ஆயிரத்து நூற்றைம்பது சதுர அடி. வீட்டைச் சுற்றி வளவு பதினாலு பேர்ச் காணி. மாமர நிழலைக் கணக்கில் எடுக்கவில்லை. இதை விட்டுவிட்டு, மூன்றாம் மாடியில் ஏறி அறுநூற்றிருபது அடிக்குள் நான் என்ன செய்ய? துணி வெட்டுகிற மேசையை எங்கே போட? கழுவின உடுப்பை எங்கே காய வைக்க? பெருநாள் உடுப்புக்கு இப்போதே எட்டுப் பேர் துணி தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெஹிவளையில் என்னை யாருக்குத் தெரியும்?

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. உறவினர்களிடம் கையெழுத்து வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறவினர்,
நிஸ்றா

---

தெமட்டகொடை
18.02.2025

நிஸ்றாவுக்கு,

உன் கடிதத்தை வேலைத்தலத்தில் சீமெந்துப் பைகளுக்கு மேலே இருந்து வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. முதல் தரமே போதுமாக இருந்தது.

அந்தப் பெட்டியில் நானாக விரும்பிச் சரி போடவில்லை. முதலில் 'சொந்தம்' என்ற பெட்டியில்தான் பேனையை வைத்தேன். கந்தோரில் படிவம் வாங்குகிற பெண், "வீட்டு உறுதிப் பத்திரம் உங்கட பேரிலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப வாடகை கட்டுறீங்களா?" இல்லை என்றேன். "அப்ப ஆருட வீடு?" என்ட வைஃப்ட வீடு என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை, மூன்றாவது பெட்டியில் விரலை வைத்தாள். நான் போட்டுவிட்டேன்.

நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒழுங்கை முழுக்கப் பெண்சாதி வீட்டில் இருக்கிற ஆண்கள்தான். ஒருவருக்கும் அது குறையில்லை, எனக்கும் இருக்கவில்லை. அந்தப் பெண் விரலை வைத்தபோதுதான், எனக்கு ஒரு பெட்டி இல்லை என்று தெரிந்தது.

என் கதை உனக்குத் தெரியும். ஆனால் ஒரேயடியாக நான் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் கட்டார் போனேன். ஏழு வருடம். அந்தக் காசெல்லாம் தங்கச்சி ரிஸ்மியாவின் வீடாகப் போனது. அவளுக்கு வீடு முடியாமல் எனக்குக் கல்யாணம் இல்லை. நான் கட்டிய வீட்டில் அவள் புருசன் இருக்கிறார். மஜீட் கட்டிய வீட்டில் நான் இருக்கிறேன். மஜீட்டின் பெண்சாதிக்கு அவள் தம்பிமார் கட்டினார்கள். நாளைக்கு ஹிபாவுக்கு நான் கட்ட வேண்டும். கட்டித் தருவேன், சந்தோசமாகக் கட்டித் தருவேன். ஆனால் எல்லா ஆண்களும் ஒரு வீடு கட்டி, வேறொரு வீட்டில் இருந்துவிட்டு மவுத்தாகிப் போகிறோம். அதைத்தான் யோசித்தேன்.

குறை சொல்கிறேன் என்று எடுக்காதே. உன் வீட்டில் எனக்கு ஒருவரும் ஒரு குறையும் வைத்ததில்லை. கறியில் நல்ல துண்டு எப்போதும் எனக்குத்தான். ஆனால் கல்யாணம் முடித்த இரண்டாம் வருடம் மண்டபத்துச் சுவரில் நான் ஒரு தட்டு அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் உம்மா கோபிக்கவில்லை. "மஜீட்டிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே மருமகன்" என்றா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒரு ஆணியும் அடிக்கவில்லை. கூரை ஒழுகினாலும் மஜீட்டுக்குத்தான் சொல்லி அனுப்பினேன். கட்டுமான வேலை பார்க்கிறவன் நான்.

தெஹிவளை வீட்டுக்கு ஒரு மாதக் காசு கட்டிப் பிடித்துவிட்டேன். கொம்பனிக் கடனை விட்டுவிட்டேன், கூட்டாளி ஒருவரிடம் கைமாற்றாக வாங்கினேன். பின்பக்க வீடு அறுபத்தையாயிரம், முன்பக்க வீடு எழுபதாயிரம். முன்பக்கத்தில் குசினி யன்னலால் தண்ணீர் தெரியும் என்றார்கள். உனக்காக முன்பக்கத்தையே எடுத்தேன்.

இஷாம்

---

ஏறாவூர்
02.03.2025

ஹிபாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். இன்றைக்கு முதல் நோன்பு. பசியில் எழுதுகிறேன், அதனால் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

அந்தத் தட்டு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அதற்காக மனம் நொந்தீர்கள் என்பது ஞாபகம் இல்லை, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள். நீங்கள் ஒன்றிலும் கை வைக்காமல் இருந்ததை நான் மரியாதை என்று நினைத்தேன். "என்ட புருசன் ஒண்டுக்கும் குறுக்க வரமாட்டார்" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் தெரிகிற யன்னலுக்கு மாதம் ஐயாயிரம் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வாசலால் இறங்கி நாற்பது எட்டு வைத்தால் ஆறு. மார்கழியில் மழை பிடித்தால் தண்ணீரைப் பார்க்க நாம் போகத் தேவையில்லை, அது படி வரைக்கும் நம்மைப் பார்க்க வரும். அதற்கு இந்த ஊரில் யாரும் ஐந்து சதம் கூடத் தருவதில்லை. ஆற்றோரக் காணி என்றால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

இதை வைத்து உங்களைக் கேலி பண்ண வேண்டும் என்றே, வீடு வாடகைக்குப் பார்த்துக் கொடுக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, என் வீடு எவ்வளவு போகும் என்று கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பதினெட்டாயிரம் போகும் புள்ள. அதுவும் நல்ல ஆள் வந்தா" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உங்களுக்குத் தெஹிவளையில் பதினெட்டாயிரத்துக்கு என்ன வரும்? குளியலறையும் குசினியில் பாதியும் வருமா? மஜீட் நானாவின் பதினொரு வருடச் சவூதி உழைப்பு அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு ஒரு விலை இருக்கிறது என்று நான் அன்றுவரை யோசித்ததே இல்லை.

சரி, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மேசையும் பிரச்சினையில்லை, உடுப்புக் காய வைப்பதும் பிரச்சினையில்லை. எனக்குப் பயம். நம் ஊரில் புருசன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் யார் வெளியே போவது? புருசன். பையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போவார், கோபம் ஆறினால் வருவார். பெண் இருந்த இடத்தில் இருப்பாள். அவளையும் பிள்ளையையும் யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் நானாமார் வெயிலில் காய்ந்து வீடு கட்டுகிறார்கள். அங்கே, உங்கள் பெயரில் எடுத்த வீட்டில் நமக்குள் சண்டை வந்தால் நான் எங்கே போவது? ஹிபாவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தெருவில் நின்று பஸ் பார்ப்பதா?

இதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு சதுர அடியைப் பார்ப்போம்.

நிஸ்றா

---

தெஹிவளை
19.03.2025

நிஸ்றாவுக்கு,

முகவரி மாறியிருக்கிறது, பார். ஒரு பாய், ஒரு கேத்தல், ஒரு சூட்கேஸ். அவ்வளவோடு குடிவந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். சண்டை வந்தால் நான்தான் இறங்கிப் போவேன். எந்த ஊரில் இருந்தாலும் அப்படித்தான். வாடகை ஒப்பந்தத்தை உன் பெயரில் எழுதச் சொல்லியும் கேட்டுப் பார்த்தேன். "மேடத்துக்குச் சம்பளம் வருதா? சம்பளச் சீட்டுக் காட்டினா எழுதலாம்" என்றார் வீட்டுக்காரர். தையலுக்கு யார் சீட்டுத் தருவார்கள்? அதனால் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

தண்ணீர் தெரிகிறது என்பதில் பொய்யில்லை. கால்வாய். கறுப்பாக, நகராமல் கிடக்கிறது. உடும்பு மாதிரி, அதைவிடப் பெரிதாக ஒன்று அதில் நீந்திப் போகிறது. வெயில் ஏறினால் யன்னலைப் பூட்ட வேண்டும், நாற்றம். ஐயாயிரம் கொடுத்து யன்னலை வாங்கி அதைப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்த சத்தம் நாலு வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் இங்கே சத்தமாகச் சிரிக்கவில்லை.

பாய் விரித்தால் ஆறடிக்கு மூன்றடி, பதினெட்டுச் சதுர அடி. நான் பாவிப்பது அவ்வளவுதான். மிச்சம் அறுநூற்றிரண்டு சதுர அடிக்கு உனக்காகவும் ஹிபாவுக்காகவும் வாடகை கட்டுகிறேன். போடிங்கில் இருந்தபோது மூச்சுவிட இடமில்லை என்று முணுமுணுத்தேன். இங்கே இடம் கூடிப்போய்த் தூக்கம் வருவதில்லை. பள்ளிவாசலில் தருகிற கஞ்சியை வாங்கி வந்து, பாயில் இருந்து தனியாக நோன்பு திறக்கிறேன். பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் இருப்பது எப்படி என்று உனக்கு எழுத வரவில்லை.

கீழே இருக்கிற வீட்டுக்காரரின் மனைவி படியில் கண்டால் விடுவதில்லை. "ஃபெமிலி எப்ப வாறாங்க?" பெருநாள் முடிய என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொன்னேனா உண்மை சொன்னேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

பெருநாளைக்கு வாறேன். ஹிபாவின் கால் அளவை எழுதி அனுப்பு, சப்பாத்து வாங்க வேண்டும். பிள்ளையின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

இஷாம்

---

ஏறாவூர்
05.04.2025

இஷாம் அவர்களுக்கு,

சண்டை வந்தால் நான்தான் இறங்கிப் போவேன் என்று எழுதினீர்கள். சொன்னபடி செய்து காட்டிவிட்டீர்கள்.

நாங்கள் தெஹிவளைக்கு வருகிற பேச்சு வந்தபோது மஜீட் நானா சாப்பாட்டில் இருந்து சொன்னது என்ன? "மச்சான், வீட்டப் பூட்டிப் போட்டா கறையான் அரிச்சிரும், யோசிச்சுச் செய்ங்க." இதுதானே. அதற்கு, "உங்கட வீடுதானே, நீங்களே யோசிங்க" என்று சொல்லி, கை கழுவி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். பெருநாளைக்கு அடுத்த நாள். ஒழுங்கை முழுக்க ஆட்கள். புது உடுப்போடு நின்று எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு இரவு ரிஸ்மியா வீட்டில் தங்கி, அங்கிருந்தே ரயிலேறிவிட்டீர்கள்.

நானா முகம் கறுத்துப்போய், "நான் என்ன பிழையாக் கதைச்சிட்டேன், தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். அவர் பிழையாக ஒன்றும் கதைக்கவில்லை. நீங்கள் சொன்னதும் பிழையில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நீங்கள் வாங்கி வந்த சப்பாத்து ஹிபாவுக்குச் சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டே படுக்கிறாள்.

நிஸ்றா

---

தெஹிவளை
13.04.2025

நிஸ்றாவுக்கு,

மஜீட் மச்சானுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர், "அத விடுங்க மச்சான், எனக்கும் விளங்குது" என்றார். அவரும் பெண்சாதி வீட்டில் இருக்கிறவர்தானே.

ரிஸ்மியா வீட்டுக்கு ஏன் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். நான் கட்டிய வீடு, அங்கே இரண்டு நாள் நிம்மதியாகப் படுக்கலாம் என்று போனேன். தங்கச்சி மகனை எழுப்பிவிட்டு அவன் கட்டிலை எனக்குத் தந்தாள். புதுப் படுக்கை விரிப்பு எடுத்துப் போட்டாள். மேலே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்தக் கூரை மரம் முழுக்க என் இரண்டு வருடச் சம்பளம். எந்தத் தீராந்திக்கு எந்த மாதம் காசு அனுப்பினேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடிக்க எழும்பினால், குசினியில் லைட் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். தங்கச்சி வந்து போட்டுவிட்டாள். அவளுடைய வீடுதான் அது. நான் பிழையான இடத்துக்குக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தெஹிவளை வீட்டை இந்த மாதம் முப்பதாம் திகதி திருப்பிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் வேறு குடும்பம் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவரையும் பிழை சொல்ல முடியாது, குடும்பம் வரும் என்று சொன்னவன் நான்தான். போடிங்கில் என் கட்டில் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறதாம். மாதம் ஒரு தரம் ஊருக்கு வருகிறேன், முந்தி மாதிரி.

கோபத்தில் எழுதவில்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி. எந்த ஊரிலும் உனக்கும் பிள்ளைக்கும் நிற்க ஒரு இடம் வேண்டும், அது உன் வீட்டில் இருக்கிறது. நான் என் ஆசைக்கு அளந்து பார்த்தேன். ஒருதரம் நான் கதவைத் திறக்க நீ உள்ளே வருவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். இனி அதைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

ஹிபா சப்பாத்தோடு படுக்கிறாள் என்று எழுதியதைப் பலமுறை வாசித்தேன்.

இஷாம்

---

ஏறாவூர்
21.04.2025

ஹிபாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். வீட்டுக்காரரிடம் இப்போதே போய், வீட்டைத் திருப்பித் தரவில்லை என்று சொல்லுங்கள். இந்த வரியை வாசித்ததும் போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

நான் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு. மட்டக்களப்பு டவுனில் இருந்து ஒரு பறங்கிக் குடும்பம். சார்மெயின் என்று பெயர், நேர்ஸ். இங்கே ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்து வந்திருக்கிறா. புருசன் டெக்ஸ்டர் தச்சு வேலை. நல்ல மனிதர்கள். போன செவ்வாய் லொறியில் சாமான் வந்து இறங்கியது. நானும் ஹிபாவும் உம்மாவும் என் தங்கச்சி வீட்டில் இருக்கிறோம், உம்மா இனி அங்கேதான். உம்மா முதலில் அழுதா, பிறகு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தா, இப்போது எனக்கு மிளகாய்த்தூள் இடித்துத் தருகிறா. மஜீட் நானாவே ஒப்பந்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது அழுகை வந்தது உண்மை. ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை, அது வருவதற்கு முதலே ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. பாவம் பார்த்து ஒருவரோடு குடித்தனம் பண்ண முடியாது. என் பயம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை மாதம் பதினெட்டாயிரம் என் கைக்கு வரும். உங்கள் எழுபதில் அது என் பங்கு. தெஹிவளை வீட்டில் நானும் வாடகை கட்டுகிறவளாகத்தான் இருப்பேன். ஒரு வருடம் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் என் வீடு இருக்கிறது, திரும்பி வருவேன். இப்படி நினைத்துத்தான் துணிந்தேன்.

ஆனால் சனிக்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஹிபாவின் தடுப்பூசிக் கார்டை அலுமாரிக்கு மேலே விட்டுவிட்டு வந்துவிட்டேன். எடுக்கப் போனேன். ஒவ்வொரு நாளும் நான் திறந்த கேட். அதில் கையை வைத்தவள் திறக்காமல் நின்றுவிட்டேன். தட்டினேன். என் கேட்டை நான் தட்டினேன். சார்மெயின் ஓடி வந்து, "வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க, இருங்க" என்றா. செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக ஒரு பக்கம் வைத்தேன். என்றைக்காவது அப்படி வைத்திருக்கிறேனா? மண்டபத்தில் அவவுடைய கதிரை. அதன் நுனியில் இருந்தேன். சாய்ந்து இருக்க வரவில்லை.

அவ பூப்போட்ட நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தா. பீங்கானில் பிஸ்கட். புழுக்கமாக இருந்தது, மின்விசிறியின் சுவிட்ச் எங்கே என்று என் கைக்குத் தெரியும், எழும்பிப் போடவில்லை. "நீங்க இருங்க, நான் எடுத்துத் தாறன்" என்று சொல்லி, நான் படுத்த அறைக்குள் அவ போய்க் கார்டைத் தேடினா. நான் வெளியே காத்துக்கொண்டிருந்தேன். அவ ஒரு குறையும் வைக்கவில்லை. கவனித்ததெல்லாம் குறைவில்லாத கவனிப்பு. அந்தக் கவனிப்புக்குள் எனக்கு ஒரு பிஸ்கட்கூட எடுத்துக் கடிக்க வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உம்மாவின் குரல் கேட்டது. நீங்கள் வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு பின்னேரமும், உம்மா எங்கே இருந்தாலும் எழும்பி நின்று, "வாங்க மருமகன், இருங்க" என்பா. நீங்கள் கொழும்புக்குப் போகும் வரைக்கும், ஒரு நாள் தவறாமல். நானும் அதைக் கேட்டுக்கேட்டு உங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று சந்தோசப்பட்டிருக்கிறேன். மஜீட் நானா வந்தால் உம்மா ஒன்றும் சொல்ல மாட்டா. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. அவர் நேரே குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பார்.

நீங்கள் ஏழு வருடம் இருந்த இடத்தில் நான் அரை மணித்தியாலம் இருந்தேன். எனக்கு அதுவே போதும்.

இருபத்தெட்டாம் திகதி ரயிலில் வருகிறோம். ஸ்டேசனுக்கு வரவேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவேன். மூன்றாம் மாடி, முன்பக்கம். நான் கதவைத் தட்டுவேன். அன்றைக்கு உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, அதை இப்போதே கேட்டுவிடுகிறேன். 'வாங்க' என்று மட்டும் சொல்லாமல் இருப்பீர்களா? 'இருங்க' என்றும் வேண்டாம். கதவைத் திறந்துபோட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.

நிஸ்றா